மாட்டு மடத்தின் ஒற்றிக்காரர்

தெற்குத் தரவை ஜீவகாருண்ய சங்கம் கிணறுவெட்டி ஐயாத்துரைக்கு நானூற்றுப் பன்னிரண்டு ரூபாய் கடன்பட்டிருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழாம் ஆண்டுக் கடன்.

நெடுந்தீவின் தெற்கே, புல்லும் காற்றும் தவிர வேறொன்றும் இல்லாத தரவையில், கிழட்டு மாடுகளுக்கும் கால் முறிந்த குதிரைகளுக்கும் என்று அந்தச் சங்கம் ஒரு மடம் கட்டியது. வாசல் கல்லில் சங்கத்தின் பெயர்தான் வெட்டியிருந்தது. கட்டியவர் ஐயாத்துரை. சாந்து ஒரு கரண்டிகூட இல்லாமல், முருகைக்கல்லோடு முருகைக்கல் கடிக்க வைத்து ஆளுயர மதில் எழுப்பினார். எத்தனை சோளகக் காற்று அடித்தும் அதில் ஒரு கல் அசைந்ததில்லை. கிணறு அதைவிடப் பெரிய வேலை. சங்கத்தார் கணக்குப் போட்டு, அளந்து காட்டிய இரண்டு இடத்திலும் உப்புச் சவர்த் தண்ணீர். ஐயாத்துரை மண்ணைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தார். பத்து முழம் தள்ளி வெட்டினார். இளநீர் மாதிரி ஊறியது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட மனிதர் அவர். இந்தக் கதையை நூறு தரம் சொல்லியிருப்பார். சொல்லத் தகுந்த கதைதான்.

திறப்பு விழாவில் மாலை, பேச்சு, படம்பிடிப்பு எல்லாம் நடந்தன. காரியதரிசி மார்க்கண்டர், அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்து ஓய்வுபெற்றவர், உயிர்களிடத்தில் அன்பு பற்றி ஒரு மணித்தியாலம் பேசினார். கூலி அறுநூறு என்று பேச்சு. கையில் வந்தது நூற்றெண்பத்தெட்டு.

"சந்தா சேரட்டும், ஐயாத்துரை. தருமக் காரியம் காணும், கொஞ்சம் பொறும்."

"தருமம் நீங்கள் செய்யுங்கோ, ஐயா. நான் கூலிக்கு வந்தனான்."

சந்தா சேரவில்லை. மாடுகள்தான் சேர்ந்தன. பால் வற்றின மாடும் கன்று தங்காத மாடும் விடிய முன்னமே வாசலில் வந்து நின்றன. கொண்டுவந்து விட்டவரைத்தான் காணக்கிடைக்காது. தண்ணீர் இறைக்க வைத்திருந்த ஆளும் சம்பளம் இல்லை என்று இரண்டாம் மாதம் போய்விட்டான். அதன் பிறகு ஐயாத்துரைதான் போகும்போதும் வரும்போதும் இறைத்து ஊற்றினார்.

அடுத்த ஆண்டு வைகாசி வெயிலில் அவர் ஒரு வேலை செய்தார். கிணற்றுத் துலாக் கயிற்றையும் தண்ணீர் அள்ளும் பனையோலைப் பட்டையையும் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார். மாடு கத்தினால் சங்கம் காசோடு ஓடி வரும் என்பது அவர் கணக்கு.

மனைவி யோகம்மா கேட்டாள்: "இஞ்சேருங்கோ, காசு தரவேண்டியது மாடோ, மார்க்கண்டரோ?"

மூன்றாம் நாள் மார்க்கண்டர் ஆள் அனுப்பினார்: சங்கக் கூட்டம் மாதக் கடைசியில்தான்.

நாலாம் நாள் விடியக் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். தொட்டியைச் சுற்றி ஆறு மாடுகள் விழுந்து கிடந்தன. ஒரு குதிரை மட்டும் நின்றபடி காய்ந்த தொட்டியின் அடியை நக்கிக்கொண்டிருந்தது. அவர் கயிற்றைக் கட்டி முடிக்குமுன் அதுவும் சரிந்தது. மத்தியானம்வரை இறைத்தார். மீதியெல்லாம் குடித்தன. பிறகு ஏழு குழி வெட்டினார். குழி வெட்ட அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சங்கத்தில் ஒரு குஞ்சும் எட்டிப்பார்க்கவில்லை. மதிலைப் பற்றிப் பேசுவார், கிணற்றைப் பற்றிப் பேசுவார். அந்த மூன்று நாளைப் பற்றி அவர் சாகும்வரை வாய் திறந்ததில்லை.

மாதக் கடைசியில் கூட்டத்துக்கு நேரே போனார்.

"இண்டையிலயிருந்து மடம் எனக்கு ஒற்றி. முதல் காசைத் தருமட்டும் நான்தான் ஆளுவன். வட்டி ஒரு சதம் கேக்கமாட்டன். காசு கையில விழுற நிமிசமே படலையால வெளிய போவன். ஐயாத்துரை சொன்னால் சொன்னது."

ஒற்றி முறை எங்கள் பகுதியில் குழந்தைக்கும் தெரியும். காசு கொடுத்தவன் நிலத்தின் விளைச்சலை எடுப்பான்; முதல் திரும்பினால் நிலமும் திரும்பும். அதனால்தான் சபை சிரித்தது.

"என்ன விளைச்சல் எடுக்கப்போறீர், சாணியோ?" என்றார் மார்க்கண்டர்.

"ஓம். சாணிதான்."

சாணியேதான் எடுத்தார். காயவைத்துக் குவித்தார். ஊர்காவற்றுறை வத்தைக்காரன் சில்வெஸ்ரர் அதைத் தன் வள்ளத்தில் ஏற்றிக்கொண்டுபோய்ப் புகையிலைத் தோட்டங்களுக்கு விற்றான். வந்த காசில் வைக்கோலும் பிண்ணாக்கும் வந்தன. கோடையில் பச்சைப் பனையோலை வெட்டிக் கிழித்துப் போட்டார். முறிந்த காலுக்குப் பனைமட்டை வைத்துக் கட்டினார். ஒரு நேரம் அறுபது உருப்படி நின்றன, பிறத்தியாரின் ஒரு சதம் இல்லாமல்.

"அண்ணை, உங்கட ஒற்றி நல்லா மணக்குது," என்பான் சில்வெஸ்ரர்.

"மூக்கைப் பொத்திக்கொண்டு காசை எண்ணடா."

முதல் சில ஆண்டுகள் கூட்டத்துக்குக் கூட்டம் போய்க் கடனைக் கேட்டார். பிறகு கேட்பதை விட்டார். அதற்கும் பிறகு, ஒழுங்கையில் மார்க்கண்டர் வரக் கண்டாலே மற்றப் பக்கம் திரும்பி நடந்தார்.

"கடன் குடுத்தவர் ஒளிச்சுத் திரியிறதை இப்பதான் பாக்கிறன்," என்று யோகம்மா சிரித்தாள்.

எழுபத்துநாலில் வெளிநாட்டு வெங்காயமும் மிளகாயும் வருவது நின்று, விலை ஏறிக்கிடந்தது. நல்ல தண்ணீர் உள்ள நிலத்துக்கு அடிபிடி. தெற்குத் தரவையில் நல்ல தண்ணீர்க் கிணறு ஒன்றே ஒன்றுதான். பதினேழு வருடம் நித்திரை கொண்ட சங்கம் எழும்பி உட்கார்ந்தது. சந்தா தராத மனிதர்கள் ஒரே பின்னேரத்தில் நானூற்றுப் பன்னிரண்டு ரூபாயைச் சேர்த்துவிட்டார்கள்.

மார்க்கண்டர் இரண்டு பேரோடு வாசலுக்கு வந்தார். பல் போயிருந்தது, குரல் போகவில்லை.

"ஐயாத்துரை, உம்மட முதல். பிடியும்."

"மாடுகளை என்ன செய்யப்போறியள்?"

"ஏலம்தான். அக்கரையிலயிருந்து ஆக்கள் வருகினம்."

அந்த ஆக்கள் யார் என்று அவருக்குத் தெரியும். இறைச்சிக்கடைக்காரர். உள்ளே முப்பத்தொரு மாடும் நாலு குதிரையும் நின்றன.

"காசு அவசரமில்லை, ஐயா. இன்னும் கொஞ்ச நாள் நிக்கட்டும்."

"என்ன காணும் இது! சபை முழுக்கக் கேக்கச் சொன்னனீர். உம்மட சொல்லும் சாணியோ?"

"அப்ப எனக்கே எழுதித் தாங்கோ. விலை சொல்லுங்கோ."

"ஒன்பதாயிரம். வைச்சிருக்கிறீரோ?"

வீட்டுப் பெட்டியில் அறுபத்துமூன்று ரூபாய் கிடந்தது.

யோகம்மா படலைக்குள் நின்று கத்தினாள்: "ஏலாது எண்டு சொல்லுங்கோ! ஒருதரம் சொல்லை விழுங்கினால் செத்தோ போவியள்? வாயில்லாச் சீவன் முப்பத்தஞ்சு நிக்குது!"

அவள் சொன்னது சரி. ஐயாத்துரைக்கும் அது தெரியும். கையை மூடிக்கொண்டு ஒரே ஒருதரம் பொய்யனாக நின்றிருந்தால் போதும். மார்க்கண்டர் வழக்குக்குப் போய் முடிக்குமுன் மாடுகள் தம் பாட்டில் சாகும் காலம் வந்திருக்கும். ஆனால் காணி இல்லாமல், படிப்பு இல்லாமல், தகப்பன் பெயரால் சபையில் உட்கார ஒரு கதிரைகூடக் கிடைக்காமல் வளர்ந்த மனிதர், சொன்ன சொல் ஒன்றை வைத்துத்தான் தலை நிமிர்ந்து நடந்தவர். ஏழு உயிரைப் புதைத்த அன்றும் அது அவரிடம் மிச்சம் இருந்தது.

"வாயை மூடு, யோகம்," என்றார்.

வலது கையை நீட்டினார். மார்க்கண்டர் பெருவிரலை நாக்கில் தொட்டு, பத்து ரூபாய்த் தாள்களை ஒவ்வொன்றாக வைத்தார். நாற்பத்தொன்று. அதன்மேல் இரண்டு ஒற்றை ரூபாய்.

"நானூற்றிப் பதினொண்டு. நானூற்றிப் பன்னிரண்டு. சரியோ?"

"சரி," என்றார் ஐயாத்துரை, விரித்த கையை மடக்காமல்.