நகரமைப்பு எடுத்த கதை

கட்டடக்கலை படிக்கிறவர்களுக்குக் கட்டடம் வரைவது சுலபம். என்ன படிக்கிறோம் என்று அடுத்தவருக்குச் சொல்லி முடிப்பதற்குள்தான் தாவு தீர்ந்துவிடும். நீங்களும் அதைப் படித்தவர் என்றால் உங்களுக்கும் தீர்ந்திருக்கும். எழுபதுகளில், நாலாம் வருஷ முடிவில், உள் அலங்காரம், தோட்ட அமைப்பு, நகரமைப்பு மூன்றில் ஒன்றை எடுக்கச் சொன்னார்கள். எனக்கு ஆசை நகரமைப்பின் மேல்.

அக்கறை

சென்னையில் எங்கள் வகுப்பில் பெண் நான் ஒருத்திதான். படிவம் வாங்கப் போனபோது துறைத் தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அக்கறையாகத்தான் சொன்னார்: "உள் அலங்காரம் எடும்மா. கல்யாணம் ஆனப்புறம் வீட்டை விட்டு வெளியே போக வேண்டியிருக்காது பாரு."

ரயிலில்

படிவத்தில் அப்பா கையெழுத்து வேண்டும். ஊருக்குப் புறப்பட்டேன். எதிரே இருந்த அம்மாள் என் வரைபலகையைப் பார்த்து என்ன படிப்பு என்றார். நான் இறங்கவேண்டிய பொம்மிடி வரும்வரை தொண்டை வறள விளக்கினேன். நான் இறங்கும்போது கேட்டார்: "அப்ப மேஸ்திரிக்கு என்னம்மா வேலை?"

சந்தை

விடுமுறையில் ஒரு சந்தையை வரைந்து, அதைத் திருத்தியும் கல்லூரியில் காட்ட வேண்டும். எங்கள் பக்கத்துக் காரிமங்கலம் சந்தைக்குப் போனேன். மாடும் பானையும் ஒரே வழியில் முட்டிக்கொண்டிருந்தன. என் படத்தில் இரண்டையும் பிரித்து, தனித்தனி வாசல் வைத்தேன். ஒரே பெருமை எனக்கு. பானை விற்கிற அம்மாவிடம் காட்டினேன்.

"நல்லாத்தான் இருக்குது கண்ணு. மாடு வாங்க வர்றவங்கதான் போறப்ப எங்கிட்ட பானை வாங்கறாங்க. அவங்கள அந்தப் பக்கமா அனுப்பிட்டீங்கன்னா நான் யாருக்கு விக்கறது?"

வெட்கமாக இருந்தது. ஆனால் படித்தால் இதைத்தான் படிப்பது என்று அன்றைக்குத்தான் உறுதியானது.

கையெழுத்து

அப்பா இண்டூரில் வாத்தியார். பெண்பிள்ளை ஊர் ஊராக அளந்துகொண்டு திரிவதா என்று அம்மா அழுதாள். அப்பா இரண்டு நாள் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் படித்தார். மூன்றாம் நாள் காலை பேனாவை எடுத்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. போட்டுவிட்டுச் சொன்னார்: "நம்ம பக்கம் நகரமே இல்லியே கண்ணு, எதை அமைக்கப் போற?"

ஐந்து பேர்

படிவத்தைக் கல்லூரி அலுவலகத்தில் கொடுத்தால், நகரமைப்புக்கு நான் ஒருத்திதானாம். ஐந்து பேர் சேராவிட்டால் வகுப்பு கிடையாதாம், உள் அலங்காரம்தானாம். வகுப்புப் பையன்கள் ஒவ்வொருவரிடமும் கெஞ்சினேன். நாலு பேர் மனமிரங்கினார்கள். நாலு பேருக்கும் சேர்த்து ஒருவன் நிபந்தனை சொன்னான்: "பேர் குடுக்கறோம். ஆனா எங்க படத்தையெல்லாம் நீதான் வரைஞ்சு தரணும்."

ஆக, அந்தப் பாடத்தை விரும்பி எடுத்தது நான் ஒருத்தி, என் ஒரு கை வரைந்து பாஸானது ஐந்து பேர்.