இரண்டு கையும் தலைக்கு மேலே

போன ஞாயிற்றுக்கிழமை சிம்பாங் அம்பாட்டுக்குப் போயிருந்தேன். தீவிலிருந்து கடல் பாலத்தைத் தாண்டுவதென்றாலே எனக்குச் சோம்பல்தான். ஆனால் பசியாற வா என்று தனபாலன் கூப்பிட்டால் போகாமல் இருக்க முடியாது. ஒரே தெரு, தமிழ்ப்பள்ளியில் ஒரே பெஞ்சு. ஆறாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டதும் ஒன்றாகத்தான்.

வாசலில் ஒரு புதுச் சைக்கிள். அதன் மேல் அவனுடைய பேத்தி, ஏழு வயது லீஷா. தலையில் ஹெல்மெட், முழங்கையில் உறை, முழங்காலில் உறை... நிலாவுக்குக் கிளம்பியவள் மாதிரி இருந்தாள். சைக்கிளோ நகர்ந்தபாடில்லை. பின்னால் இரண்டு குட்டிச் சக்கரங்கள். அது போதாதென்று அவள் அம்மா கவிதாவின் பிடி.

தனபாலன் பத்தடி தள்ளி நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். உட்கார வைக்கப்பட்டிருந்தான் என்பதுதான் சரி.

குட்டிச் சக்கரங்களைக் கழற்றிவிட்டு, சீட்டைப் பிடித்துக்கொண்டு தானே ஓட்டப் பழக்குகிறேன் என்று ஒரு மாதமாகக் கேட்கிறானாம். மகள் விடவில்லையாம். என்னைப் பார்த்ததும் முறையிட்டான்.

கவிதா திரும்பினாள். "அங்கிள், நீங்களே சொல்லுங்க. சிக்னல் கொடுக்குறதுக்கு முன்னாலயே சரிவுல பாஞ்சு கைய ஒடச்சிக்கிட்ட ஆளு. இவரை நம்பி பிள்ளைய விடறதா லா?"

தனபாலன் சிரித்தான். மடியில் அவனுடைய இடது கை. நேராக நீட்டினாலும் முழங்கையிலிருந்து கொஞ்சம் வெளியே வளைந்துதான் நிற்கும்.

நான் சைக்கிள் பக்கம் பார்வையைத் திருப்பிக்கொண்டேன். ஏனென்றால் அந்தக் கதையில் ஒரு பொய் இருக்கிறது. அதைச் சொன்னவன் நான்.

அப்போது எங்களுக்குப் பதினொரு வயது. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு சைக்கிள். என் மாமா வேண்டாமென்று ஒதுக்கியது. பிரேக் கிடையாது. நிறுத்த வேண்டுமென்றால் சிலிப்பரைப் பின்சக்கரத்தில் வைத்து அழுத்துவோம். எங்கள் தெருப் பையன்கள் எல்லாருக்கும் வலது சிலிப்பர் மட்டும் சீக்கிரம் தேய்ந்துபோகும்.

அதில் என்னவெல்லாம் செய்தோம்... சீட்டில் வயிற்றை வைத்துப் படுத்து, கால்களைப் பின்னால் நீட்டிப் பறப்போம். ஒருவன் கேரியரில் நின்றுகொண்டு ஐஸ் சாப்பிடுவான். தனபாலனுக்கு அதெல்லாம் போதாது. கைப்பிடியின் மேல் இரண்டு கால்களையும் தூக்கிப் போட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு சரிவில் இறங்குவான்.

அந்தக் காலத்துப் பெற்றோருக்குத் தைரியம் அதிகம் என்று இப்போது சொல்கிறார்கள். தைரியமாவது? என் அப்பா காலையில் வேலைக்குப் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். அம்மாவுக்கு வீட்டிலேயே வேலை ஓயாது. நாங்கள் எங்கே இருக்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் கவிதாவைவிட அதிகமாகப் பயந்திருப்பார்கள்.

எனக்கு அந்த வித்தைகளில் இடமில்லை. பயந்தாங்கொள்ளி. அதனால் சிக்னல் வேலை என்னுடையது. தண்ணீர்மலைக் கோயில் பக்கம் ஒரு சரிவான சந்து பெரிய சாலையில் வந்து சேரும். மேலே இருப்பவனுக்குச் சாலையில் என்ன வருகிறதென்று தெரியாது. நான் கீழே முனையில் நிற்பேன். ஒரு கையைத் தூக்கினால் பொறு. இரண்டு கையையும் தலைக்கு மேலே விரித்துத் தூக்கினால், வரலாம்.

அன்று தைப்பூசம். சாலையில் வாகனமே கிடையாது. இதைவிட வேறென்ன வேண்டும்? காவடிக் கூட்டம் ஒன்று போகும். அடுத்தது வருவதற்குள் கொஞ்சம் இடைவெளி கிடைக்கும். அந்த இடைவெளிக்காக ஒற்றைக் கையைத் தூக்கியபடி நின்றுகொண்டே இருந்தேன்.

திடீரென்று உறுமிச் சத்தம். வளைவில் ஒரு பெரிய காவடி திரும்பியது. மயில் இறகு ஆட, முதுகெல்லாம் அலகு. சுற்றி நின்றவர்கள் எல்லாரும் வேல் வேல் என்று கையைத் தூக்கினார்கள். நானும் தூக்கிவிட்டேன்... இரண்டு கையையும், தலைக்கு மேலே.

அடுத்த நிமிடம் தனபாலன் என்னைக் கடந்து போனான். கால்கள் கைப்பிடியின் மேலே, கைகள் மார்பின் மேலே.

காவடிக்காரரைக் கண்டதும் காலாலேயே கைப்பிடியைத் திருப்பினான். சைக்கிள் எதிரே இருந்த தண்ணீர்ப் பந்தலுக்குள் நுழைந்தது. ரோஸ் சிராப் கலக்கிய பெரிய அண்டா அவன் மேல் கவிழ்ந்தது. தலையிலிருந்து கால்வரை சிவப்பு. இரத்தம் என்று நினைத்து நான்கு பெண்கள் அலறினார்கள். காவடிக்காரர் மேல் ஒரு துளிகூடப் படவில்லை.

அன்று சாயங்காலம் கட்டுப் போட்ட கையோடு அவன். எதிரில் அவன் அப்பா, லோரி ஓட்டுநர். இவன் கையைத் தூக்கினான், அதனால்தான் வந்தேன் என்று தனபாலன் சொல்லியிருந்தான். அவர் என்னிடம் மெதுவாகத்தான் கேட்டார். "தம்பி, நீ கையத் தூக்கினியா?"

நான் இல்லையென்று தலையாட்டினேன்.

அவனுக்குக் காலில் ரோத்தான் பிரம்பால் அடி விழுந்தது, பொய் சொன்னதற்கும் சேர்த்து. எலும்பு கோணலாகக் கூடியது. அன்றிலிருந்து ஊருக்கெல்லாம் அவன் சொன்ன பேச்சு கேட்காதவன். அவன் என்னிடம் ஒருநாளும் அதைப் பற்றிப் பேசியதில்லை. நானும் பேசவில்லை. வாராவாரம் இந்தப் பத்திரிகையில் ஏதேதோ எழுதுகிறேன். இதை மட்டும் எழுதவில்லை.

எனக்குக் கூட்டத்தில் பேச வராது. நான்கு பேர் இருந்தாலே அது எனக்குக் கூட்டம். அன்று வாசலில் என்னோடு சேர்த்துச் சரியாக நான்கு பேர்.

"கவிதா... உங்கப்பா மேல தப்பில்லம்மா. நான் ரெண்டு கையையும் தூக்கினேன். சாமி கும்பிட்டேன். அவன் சிக்னல்னு வந்துட்டான். உன் தாத்தா கேட்டப்ப தூக்கலைன்னு சொல்லிட்டேன்."

லீஷா மணியை அடித்துக்கொண்டிருந்தாள்.

"நாப்பது வருசமாவா அங்கிள்?" என்றாள் கவிதா.

பிறகு உள்ளே போனாள். கோபித்துக்கொண்டாள் என்று நினைத்தேன். ஸ்பேனரோடு வந்து அப்பாவிடம் நீட்டினாள்.

தனபாலன் குட்டிச் சக்கரங்களைக் கழற்றினான். வளைந்த கை சீட்டின் அடியில் அளவெடுத்த மாதிரி பொருந்தியது. ஓடினான். மூச்சு வாங்க ஓடினான். மூன்றாவது வீட்டு வாசலில் லீஷா புல்லில் சாய்ந்தாள். அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்திருந்த கவிதா பாதி எழுந்தாள்... உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள். ஏழாவது வீட்டருகே தனபாலன் கையை எடுத்துவிட்டான். சைக்கிள் போய்க்கொண்டே இருந்தது.

கிளம்பும்போது கார் வரை வந்தான். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"போடா. உன் கை ரெண்டும் சேர்ந்து இருந்துச்சு. நீ கும்பிடறேன்னு மேலேருந்தே தெரிஞ்சுச்சு."

எனக்குப் புரியவில்லை. "பிறகு ஏண்டா வந்தே?"

"எவ்வளவு நேரம்டா ஒத்தக் கையையே பார்த்துக்கிட்டு நிக்கறது? ரெண்டு கையும் மேல போச்சு. கேட்டா உன்னைச் சொல்லிக்கலாம்னு வந்துட்டேன்." பின்னால் வீட்டைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "கவிதாகிட்ட சொல்லிடாத. நாளைக்கே என்னைத் திரும்ப நாற்காலியில உட்கார வச்சிடும்."

நிஜமாகவே தெரிந்து வந்தானா? இல்லை, என் பாரத்தில் பாதியை வாங்கிக்கொண்டானா? முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. கவிதா பத்திரிகை பக்கமே வருவதில்லை என்று அவன் சத்தியம் செய்ததால் எழுதுகிறேன்.

காரில் ஏறினேன். "காடிய பின்னால எடு, நான் பார்த்துக்கறேன்" என்று பின்பக்கம் போய் நின்று, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினான்.

நான் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் ரிவர்ஸ் எடுத்தேன்.