பிலோமினாக்கா கேட்ட கேசட்

நேற்றுக் காலை காபி ஆறிப்போகிற வரை போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடலோரக் குப்பம் ஒன்றில் அடுக்குமாடி வீடுகளுக்கு அடிக்கல் நாட்டு விழா. பெரிய சானல்களில் எல்லாம் மாலை, பொன்னாடை, மேடை. நான் பார்த்தது இரண்டு பேர் சேர்ந்து நடத்துகிற யூடியூப் சானல். அதில் ஒரு பெண் மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தடுப்புக்கு வெளியே நின்ற ஜனங்களிடம் மைக்கை நீட்டிக்கொண்டிருந்தாள். அடி சக்கை என்றேன். கூடவே வயிற்றெரிச்சல். நானும் ஒரு காலத்தில் மைக் நீட்டியவன்தான். அதற்கப்புறம் செய்ததுதான் வெட்கக்கேடு.

பந்தலைப் பார்த்ததுமே அந்த வாடை மூக்கில் ஏறிவிட்டது. மழையில் நனைந்து, காயாமல் மடித்துவைத்த ஷாமியானா வாடை. அப்போது ராயப்பேட்டையில், பிரியாணிக் கடை மாடியில் இருந்த லோக்கல் கேபிள் சானலில் எனக்கு வேலை. கேமராமேன், நிருபர், எடிட்டர் எல்லாம் நானே. பந்தாவுக்கு மட்டும் குறைச்சல் இல்லை.

அன்றைக்கும் ஒரு குப்பம், ஒரு அடிக்கல். மந்திரி சிமெண்டுக் கரணையைக் கீழே வைப்பதற்குள் மீன் கூடையோடு கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றாள் பிலோமினாக்கா.

"இன்னா சார், கல்ல நட்டுட்டு நீ போய்க்கினே இருப்ப. கட்டுன பொறவு எனுக்கு வூடு உண்டா இல்லியா? தோ, கேமரா கீது, சொல்லு."

மந்திரி சிரித்தார். "உனக்குத்தாம்மா மொதல் வீடு."

ஆபீசில் போட்டுக் காட்டினேன். முதலாளிக்கு முகம் சுண்டிவிட்டது. "மந்திரிய நீ வா போன்னு பேசுது. தூக்குய்யா அத."

தூக்கினேன். அந்த இடத்தில் மயிலாப்பூர்க் கச்சேரி ஒன்றில் எடுத்த கூட்டத்தை ஒட்டினேன். குப்பத்து விழாவில் பட்டுப்புடவை மாமிகள் தொடையில் தாளம் போட்டார்கள். ஏன் என்று ஒரு ஈ, காக்காகூடக் கேட்கவில்லை.

வீடுகள் எழும்பியதும் பிலோமினாக்கா மூச்சிரைக்க மாடியேறி வந்தாள்.

"நைனா, லிஸ்ட்டுல என் பேரு இல்லன்றான். அந்தக் கேசட்ட குடு. மந்திரி சொன்னத ஆபீசுல காட்டிட்டு வந்து குட்த்துடறேன்."

எந்தக் கேசட்டை? விழா முடிந்த மறுவாரமே அதன்மேல் தி.நகரில் ஒரு காதுகுத்தை எடுத்துவிட்டேன். ஒரே கேசட்டில் அழித்து அழித்து நாலைந்து விசேஷம் எடுப்பதுதான் எங்கள் வழக்கம். உண்மையைச் சொல்லியிருக்கலாம். பாழாய்ப்போன வாய் வரவில்லை.

"தேடிப் பாக்கறேன்க்கா."

மூன்று முறை வந்தாள். மூன்று முறையும் அதையே சொன்னேன். அவளும் வேறு எங்கும் போய் முட்டாமல் என்னை நம்பிக் காத்திருந்தாள். கடைசியாக வந்தபோது கையில் ஒரு பொட்டலத்தைத் திணித்தாள். சுத்தம் செய்த வஞ்சிரத் துண்டுகள்.

"நீ ஒருத்தன்தான் நைனா எனுக்காகத் தேடிக்கினு கீற."

பிறகு அவள் குடிசையைப் பிரித்து, சாமான்களோடு அவளை ஊருக்கு வெளியே எங்கேயோ ஏற்றி அனுப்பிவிட்டார்கள். அங்கே கடலும் இல்லை, மீனும் இல்லை. எங்கள் சானலையும் மூடிவிட்டார்கள். அவள் இருக்கிறாளா என்றுகூட எனக்குத் தெரியாது. கேசட்டை அழித்தவன் நான்தான் என்று கடைசிவரை அவளிடம் சொல்லவில்லை. மீனை மட்டும் வீட்டுக்கு எடுத்துப்போய், வறுக்கச் சொல்லிச் சாப்பிட்டேன்.