எஞ்சின்காரன் ஸக்லூலும் படகின் கக்கூஸும்

ஸக்லூல் எங்கள் படகில் சேர்ந்த அன்றே தன்னை இன்ஜினியர் என்று கூப்பிடச் சொன்னான். ஊர் எகிப்தின் வடகரையிலுள்ள இஸ்பத் அல்-புர்ஜ். அவன் அப்பா அங்கே மத்தி பிடிக்கும் படகு வைத்திருந்தார். அந்தப் படகில் கக்கூஸ் கிடையாது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் குந்துவார்கள். அதே படகின் டீசல் எஞ்சினைப் பிரித்து மாட்டிப் பழகிவிட்டுச் செங்கடல் கரையிலிருக்கும் ஹுர்காதாவுக்கு வந்தவன், எண்ணெய்ப் பிசுக்கில் வேலை செய்யும்போதுகூட வெள்ளைச் சட்டைதான் போடுவான். அவன் வருவதற்கு முன்னால் அவன் அத்தர் வாசனை என் சமையலறைக்கு வந்துவிடும். குழம்பின் மணமே எனக்குத் தெரியாமல் போனதுண்டு.

பவளத்திட்டுகளில் முக்குளிக்க வரும் ஐரோப்பியர்களை ஏற்றிக்கொண்டு வாரக்கணக்கில் சுற்றும் படகு எங்களுடையது. அறைக்கு ஒரு கக்கூஸ். பக்கத்திலிருக்கும் கைப்பிடியை மேலும் கீழும் அடித்தால் கடல்நீர் உள்ளே வந்து எல்லாவற்றையும் அடித்தளத்துத் தொட்டிக்குத் தள்ளும். திட்டுகளைத் தாண்டி வெகுதூரம் போனபின் தொட்டியைத் திறந்துவிடுவோம். தொட்டி மூச்சுவிட ஒரு மெல்லிய குழாய் படகின் விலாவில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. உப்பும் மூத்திரமும் சேர்ந்து குழாயில் காரை பிடிக்காமலிருக்க அவ்வப்போது வினிகர் ஊற்ற வேண்டும். பம்புக்குக் கொஞ்சம் எண்ணெய் விட வேண்டும். ரப்பர் வால்வு தளர்ந்தால் மாற்ற வேண்டும். அவ்வளவுதான்.

அந்த அவ்வளவையும் செய்ய ஸக்லூலின் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. எங்கள் ரயிஸ், அதாவது கேப்டன், கலஃப் என்ற குஸைர்காரர். அதிகம் பேசமாட்டார். அவர் செய்யச் சொன்னதற்கு இவன் சொன்ன பதில்:

“நான் எஞ்சின் பாக்க வந்தவன் ரயிஸ். அடுத்தவன் போனதுல கைய விட வரல.”

வினிகர் சமையலறையில்தானே இருக்கிறது என்று அந்த வேலையை என் தலையில் கட்டினான். கையிலிருந்த வேலை முடிந்த நாட்களில் ஊற்றினேன், மற்ற நாட்களில் மறந்தேன்.

ஒரு பயணத்தில், கீழ்த்தளத்து அறையிலிருந்த ஆஸ்திரியப் பெண்மணி கைப்பிடி நகரவில்லை என்றார். தண்ணீர் திரும்பி வந்து கொப்புளிக்கிறது என்றும் சொன்னார். ஸக்லூல் போய்ப் பார்க்காமலேயே, காகிதம் போட்டிருப்பீர்கள் என்று பிரசங்கம் செய்தான். அந்த அம்மாள் போடவில்லை என்றார். படித்த நாட்டுக்காரர்களுக்கு எதைக் கூடைக்குள் போடுவது என்றுகூடத் தெரியவில்லை என்று எங்களிடம் வந்து அலுத்துக்கொண்டான். மறுநாள் அடுத்த அறையிலும் அதே கதை. அதற்குப் பிறகு வேறு வழியில்லாமல் மூக்கில் துணி கட்டிக்கொண்டு குழாயைக் கழற்றினான். காகிதம் இல்லை. ரப்பர் வால்வை மாற்றினான். கைப்பிடி முன்பைவிட இறுகியது. கடைசியில் சந்தையில் வாங்கி வைத்திருந்த சாக்கடை ஆசிட்டைக் கவிழ்த்தான். புது ரப்பர் இட்லி மாதிரி ஊதிக்கொண்டதுதான் மிச்சம்.

வந்தவர்கள் எல்லோரும் மேல்தளத்தில், என் அடுப்படியை ஒட்டியிருக்கும் பணியாளர் கக்கூஸுக்கு வரிசை கட்டினார்கள். அதற்குத் தனியாக ஒரு சின்னத் தொட்டி இருந்ததால் அது பிழைத்தது. நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டே ஒவ்வொருவருக்கும் வணக்கம் சொன்னேன்.

துறைக்குத் திரும்பியபோது முதலாளி லபீப் புதிய சுற்றுலா ஏஜெண்டுகள் இருவரோடு காத்திருந்தார். படகைக் காட்டி வியாபாரம் பிடிக்கும் எண்ணம். இறங்கிப்போனவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன நடந்தது என்று கேட்டார். தொட்டி காலியாகியிருக்காது, காற்று எங்கோ அடைபட்டிருக்கிறது, நிதானமாகப் பார்க்க வேண்டும் என்றார் ரயிஸ். ஸக்லூலுக்குப் பொறுக்கவில்லை. சட்டையை நீவிவிட்டுக்கொண்டு முன்னால் வந்தான்.

“நேத்தே தொறந்துவிட்டுட்டேன் முதலாளி. தொட்டி சுத்தமா காலி. இங்க வந்து நீங்களே பாருங்க.”

மூவரும் படகில் ஏறி வந்தார்கள். தளத்தில் தொட்டிக்கு நேர் மேலே ஒரு பித்தளை மூடி இருக்கிறது. கரையில் நிற்கும்போது குழாய் போட்டு உறிஞ்சி எடுப்பதற்கானது. ஸக்லூல் சாவியோடு குந்தினான்.

“அதத் தொடாத,” என்றார் ரயிஸ்.

“எனக்குச் சொல்லித்தராதீங்க ரயிஸ்.”

மூடி கையோடு தெறித்தது. ஒரு வாரமாக ஒரு படகு நிறைய மனிதர்கள் பலம் கொண்ட மட்டும் பம்பு அடித்து உள்ளே திணித்ததெல்லாம், ஆள் உயரத்துக்கு எழுந்து, ஸக்லூலின் முகத்தில் அடித்து, முதலாளியின் கறுப்புக் கண்ணாடியையும் நனைத்தது. ஏஜெண்டுகள் வேகமாகப் பலகைப் பாலத்தில் கரைக்கு இறங்கிப் போனார்கள்.

ரயிஸ் நேராக விலாப்பக்கம் போனார். கைப்பிடிச் சுவருக்கு வெளியே குனிந்து, விலாவிலிருந்த மூச்சுக்குழாயிலிருந்து ஒரு துணிச் சுருளை உருவி எடுத்தார். ஸக்லூலின் பழைய சட்டைக் கை. முந்தைய பயணத்தில் வெயில் காய்ந்தவர்கள் நாற்றம் வருகிறது என்று சொல்ல, இவன் அங்கே அதைத் திணித்துவிட்டு மறந்திருக்கிறான். காற்று உள்ளே போக வழியில்லாததால் திறந்துவிட்டபோதும் தொட்டி காலியாகவில்லை; வெளியே போகவும் வழியில்லாததால் பம்பு அடிக்க அடிக்க உள்ளே அழுத்தம் ஏறியிருக்கிறது.

முதலாளி அந்த இடத்திலேயே அவனை வேலையிலிருந்து நீக்கினார்.

“இவன அனுப்பிட்டா யாரு கழுவுறது?” என்றார் ரயிஸ். “கழுவிட்டுப் போகட்டும்.”

கழுவினான். தளம், சுவர், கயிறு என்று எல்லாவற்றையும் கழுவிவிட்டு, ஒவ்வொரு பம்பையும் பிரித்து, காரையைச் சுரண்டி, ரப்பரெல்லாம் மாற்றினான். தேநீர் கொண்டுபோனேன். கோப்பையை வாங்கிக்கொண்டு குரலைத் தாழ்த்தினான்.

“எங்க ஊர்க்காரன் யாராச்சும் வந்தா சொல்லிடாதண்ணே. ரயிஸுக்கு அடுத்து நான்தான்னு அப்பாகிட்ட சொல்லி வெச்சிருக்கேன்.”

எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. பாதிக் கோப்பை குடித்ததும், இந்தத் தொட்டியைக் கட்டிய முறையே தப்பு என்று ஆரம்பித்தான். பாவம் போய்விட்டது.

அடுத்த பயணத்தில் ஒருவரும் குறை சொல்லவில்லை. அதனால் முதலாளியும் அவனை நீக்கியதை மறந்துபோனார். அதன்பின் ஸக்லூலைப் பிடிக்க முடியவில்லை. இப்போது எந்தப் படகில் கக்கூஸ் அடைத்தாலும் அவனைத்தான் கூப்பிடுகிறார்கள். வைத்தியன் நாடி பார்ப்பதுபோலக் குழாயில் காது வைத்துக் கேட்கிறான். முதலில் மூச்சுக்குழாயைப் பார்க்கச் சொல்கிறான். அது சரிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பிரசங்கம் முடிந்த பிறகுதான் ஸ்பேனரை எடுப்பான். போன வாரம்கூட ஒரு படகில் எல்லோரையும் நிற்கவைத்துச் சொல்லிக்கொண்டிருந்தான்:

“சஃபாகா துறைமுகத்துல ஒரு மடையன் இருந்தான். காத்துக்குழாய்ல துணிய அடைச்சுட்டு, மூடியத் தொறந்தான் பாரு...”

கேட்டவர்களில் ஒருவன் என்னைப் பார்த்தான். நான் மீன் வாங்கப் போய்விட்டேன்.