ஸ்பீக்கரைக் கழட்டாதீங்க

பில்லிங் சாஃப்ட்வேருக்குப் போனில் பதில் சொல்லும் என் இனத்தாரே, நாம் செய்யாத தப்புக்கு நாள் முழுக்க மன்னிப்புக் கேட்டுத்தான் சம்பளம் வாங்குகிறோம்.

ஆர்.எஸ்.புரத்தில் இருக்கும் எங்கள் கம்பெனியின் சாஃப்ட்வேர் ரொம்ப மரியாதையானது. ஒவ்வொரு பில் முடிந்ததும் யுஎஸ்பி ஸ்பீக்கர் வழியாக "நன்றிங்க, போயிட்டு வாங்க" என்று சொல்லும். ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டாலோ, நன்றி சொல்லாமல் அடுத்த பில்லுக்குப் போகமாட்டேன் என்று திரை உறைந்து நிற்கும். மறுபடி சொருகினால், இடையில் எத்தனை முறை என்டர் தட்டினோமோ அத்தனை நன்றியையும் மூச்சு விடாமல் சொல்லித் தீர்க்கும்.

நான் அப்போது தற்காலிகம். கருமத்தம்பட்டி ஜவுளிக்கடைக்காரர் பழனிசாமி ஒரு கடையில் மட்டும் இதை வைத்துச் சோதித்துக்கொண்டிருந்தார். அவர் தன் எல்லாக் கடைகளுக்கும் வாங்கினால் எனக்கு வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் நடையைக் கட்டு என்று முதலாளி சொல்லிவிட்டார்.

புரோகிராமரின் காது

எங்கள் புரோகிராமர் செந்திலிடம் இந்தக் கோளாறைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. அவர் யுஎஸ்பி ஹெட்செட்டைக் காதில் மாட்டினால் வீட்டுக்குப் போகும்போதுதான் கழற்றுவார். டீ குடிப்பதும் அதோடுதான். அதையே ஸ்பீக்கர் என்று நம்பி அதன் வழியாக நன்றி சொல்லிக்கொண்டு, அவர் முன்னால் சாஃப்ட்வேர் பெட்டிப்பாம்பாக அடங்கி ஓடியது.

"என்ற மெசின்ல நல்லாத்தானுங்க ஓடுது" என்றார்.

ஆயுத பூசை

போத்தனூர் மருந்துக்கடை அக்கா பூசைக்காக எல்லாவற்றையும் கழற்றித் துடைத்து, கம்ப்யூட்டருக்கும் ஸ்பீக்கருக்கும் சந்தனம் குங்குமம் வைத்திருக்கிறார். ஸ்பீக்கரில் பொட்டு வைத்தது சரியாக யுஎஸ்பி முனையில். மறுநாள் அது உள்ளே சொருகவில்லை, பில்லும் நகரவில்லை. கடையில் மாத்திரைக்குக் கூட்டம் காத்திருக்க, போனில் பொட்டைத் துடைத்துவிடச் சொன்னேன்.

"சாமிக்கு வெச்சத எப்படிங்க அம்மணி அழிக்கறது? நீங்க வேற ஏதாச்சும் பட்டன் சொல்லுங்க."

கருமத்தம்பட்டி

ஒரு நாள் பழனிசாமி நேரில் வரச் சொன்னார். வேலை போயிற்று என்றே பஸ் ஏறினேன். போனால், கல்லாவுக்குப் பக்கத்து நாற்காலியில் அவருடைய பங்காளி அண்ணன் ஒருவர். காலையிலிருந்து உட்கார்ந்துகொண்டு, வருகிறவர்களிடமெல்லாம் "இதே துணி திருப்பூர்ல சல்லிசு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பழனிசாமி முகம் மாறாமல் அவருக்கு இன்னொரு டீ சொன்னார்.

பிறகு மெதுவாகக் கையை நீட்டி ஸ்பீக்கரைக் கழற்றினார். என்டரைப் படபடவென்று தட்டினார். மறுபடி சொருகினார். "நன்றிங்க, போயிட்டு வாங்க. நன்றிங்க, போயிட்டு வாங்க" என்று அது ஆரம்பித்து நிறுத்தவே இல்லை. பங்காளி கொஞ்ச நேரம் ஸ்பீக்கரையே பார்த்தார். "சரி தம்பி, நான் வாரேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

"கடை தேடி வந்தவங்கள என்ற வாயால எப்படிங்க அம்மணி போகச் சொல்றது? எல்லாக் கடைக்கும் போட்டுருங்க. இத மட்டும் சரி பண்ணிப்போடாதீங்க" என்றார் பழனிசாமி.

திரும்பி வந்தபோது

பறந்துகொண்டு ஆபீசுக்கு வந்தேன். செந்தில் வாசலிலேயே நின்றிருந்தார், காதில் ஹெட்செட் இல்லாமல்.

"நீங்க சொன்னது நெசந்தானுங்க. கழட்டிப் பார்த்தேன், நின்னுபோச்சு. இப்பத்தான் சரி பண்ணிப்போட்டேன்."

கெஞ்சிக் கேட்ட திருத்தத்தைக் காலில் விழாத குறையாகக் கெஞ்சி எடுக்க வைத்தேன். இன்று நிரந்தர ஊழியையான எனக்குக் கம்பெனியில் முக்கியமான பொறுப்பு, அந்தக் கோளாறு கெட்டுப்போகாமல் பார்த்துக்கொள்வதுதான்.