கடைசி ஆளுக்குப் பின்னால்

திருக்கழுக்குன்றத்துக்கு மேற்கே, காட்டை ஒட்டி ஏறும் ஒரு சரளைப் பாதைக்கு, சைக்கிள்காரர்களின் செல்போன் வரைபடத்தில் 'வேண்டா மேடு' என்று பெயர். சென்னையிலிருந்து புதிதாக வருகிறவர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். அவ்வளவு செங்குத்து போலிருக்கிறது, ஏறவே வேண்டாம் என்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். அது ஒரு பெண்ணின் பெயர். நான்காவதும் பெண்ணாகப் பிறந்தபோது, இதோடு போதும் என்று சாமிக்குச் சொல்வதுபோல் வீட்டில் வைத்த பெயர். மேட்டின் அடியில் இருக்கும் ஊரில்தான் வேண்டா குடியிருக்கிறாள். வயது நாற்பத்தாறு.

பதினெட்டில் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த மறுவாரமே கல்குவாரி வேலைக்குப் போனாள். வெடி வைத்துப் பிளந்த கல்லை மற்ற பெண்களோடு சட்டியில் வாரி டிப்பர் லாரியில் ஏற்றினாள். புருஷன் காத்தவராயன் அந்தக் கல்லை, ஜல்லி உடைக்கும் கிரஷர்வரை டிப்பரில் ஓட்டிப் போனான். பதினாறு வருஷம் அப்படிப் போயிற்று. பிறகு அடியில் ஊற்று பீறிட்டு, இறைத்து மாளாமல் குவாரியை மூடிவிட்டார்கள். ஒரு குன்று இருந்த இடத்தில் பள்ளம் மிஞ்சியது. இரண்டு பக்கமும் நட்டுக்குத்தலாகப் பாறைச் சுவர், அடியில் பச்சைத் தண்ணீர். காத்தவராயனுக்கு முதுகுத் தண்டில் ஏதோ நகர்ந்துவிட்டது. இப்போது கட்டிலுக்கும் வாசலுக்கும் இடையில் நடப்பதே அவனுக்குப் பெரிய பயணம். அவனைச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டியே அவள் மொபெட் ஓட்டக் கற்றுக்கொண்டாள். வார நாட்களில், அணுசக்தி ஊழியர் குடியிருப்பான அணுபுரத்தில் மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறாள்.

நாலு வருஷத்துக்கு முன்னால் சரவணகுமார் என்ற இளைஞன் தடித்த டயர் போட்ட சைக்கிளில் வந்து வழிதெரியாமல் நின்றான். சுள்ளி சுமந்து வந்த வேண்டாவிடம், "அக்கா, இந்த ரோடு எங்க போகுது?" என்று கேட்டான்.

"ரோடா? இது ரோடு இல்ல தம்பி. நாங்க நடந்து நடந்து தேஞ்சு கீது. நேரா போனா குவாரி, சோத்தாங்கைப் பக்கம் திரும்புனா ஏரிக்கரை."

அவனுக்கு வேண்டியிருந்ததும் அப்படிப்பட்ட வழிகள்தான். தார் போடாத பாதைகளில் போகவே ஒரு கூட்டம் இருக்கிறது, அவர்களுக்காக வழி தேடுகிறேன் என்றான். அடுத்த இரண்டு மாதம் வேண்டா மொபெட்டில் முன்னால் போக, அவன் பின்னால் வந்தான். புதுப்பட்டினம் கடற்கரையில் தொடங்கி, பாலாற்றங்கரை, ஏரிக்கரைகள், குன்றுகளின் அடிவாரம், குவாரியின் விளிம்பு, காப்புக்காடு என்று சுற்றித் திரும்பவும் கடலுக்கே வரும் எண்பத்திரண்டு கிலோமீட்டர் வழி அப்படி அமைந்தது.

மாதத்தில் ஒரு ஞாயிறு அந்த வழியில் சவாரி நடக்கும். சனிக்கிழமை மதியமே வேண்டா கிளம்பி, திருப்பம் வரும் இடங்களில் எல்லாம் சிவப்பு ரிப்பன் கட்டுவாள். சிலதை ஆடு தின்றுவிடும், சிலதைக் குரங்கு பிய்த்துவிடும். ஞாயிறு விடியுமுன் காட்டுப் பக்கம் மட்டும் மறுபடி போய், விட்டுப்போனதைக் கட்டுவாள். சவாரி தொடங்கியதும் கடைசி ஆளுக்குப் பின்னால் போய், கட்டியதை எல்லாம் அவிழ்க்க வேண்டும். காட்டுக்குள் ஒரு துண்டு ரிப்பன் கிடந்தாலும் அடுத்த முறை வனத்துறை அனுமதி கிடையாது. கூட வரும் வேனுக்கும் காட்டுக்குள் இடமில்லை. வேண்டாவின் மொபெட்டுக்கு மட்டும் விலக்கு.

கேட்பதற்கு லேசான வேலைதான். ஆனால் கடைசி ஆள் என்ன வேகத்தில் போகிறாரோ, அதுதான் அவள் வேகம். அவர் நின்றால் நிற்க வேண்டும். அவர் படுத்தால் பக்கத்தில் உட்கார வேண்டும்.

போன மாசி மாத ஞாயிற்றுக்கிழமை கடைசி ஆளாக வந்தவர் வாசுதேவன். அணுபுரத்தில் குடியிருந்து, அணுசக்தி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அறுபத்திரண்டு வயது. வேண்டாவுக்கு அன்று விடியும்போதே உடம்பு கனத்தது. வெறும் டீயோடு கிளம்பியிருந்தாள். முதல் பத்து கிலோமீட்டரிலேயே மற்ற ஐம்பத்தெட்டு பேரும் கண்ணிலிருந்து மறைந்துபோனார்கள். வாசுதேவன் சின்ன மேட்டுக்கும் இறங்கித் தள்ளினார். ஒவ்வொரு தடவையும் திரும்பி, "சாரிம்மா" என்றார்.

"பரவால்ல சார். நீங்க போய்கினே இருங்க" என்று ஒவ்வொரு தடவையும் சொன்னாள். மனதுக்குள் எரிச்சலாக இருந்தது. காத்தவராயனுக்குச் சோறு ஆக்கி வைக்கவில்லை.

குவாரி விளிம்புக்கு வரும்போது மணி ஒன்று. மற்றவர்கள் இந்நேரம் புதுப்பட்டினத்தில் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். வாசுதேவன் சைக்கிளைச் சாய்த்துவிட்டுப் பாறைமேல் உட்கார்ந்தார். வேண்டாவும் வண்டியை நிறுத்தி, கொஞ்சம் தள்ளி வேலி ஓரமாக உட்கார்ந்தாள்.

"இதோட போட்டோவப் பாத்துட்டுத்தாம்மா பேரு குடுத்தேன். பக்கத்துலயே முப்பது வருஷம் இருந்திருக்கேன், இப்படி ஒரு இடம் இருக்குன்னே தெரியாது. அழகா இருக்கு இல்ல?"

வேண்டா கீழே பார்த்தாள். "அழகான்னு தெர்ல சார். இதுக்குள்ள எவ்ளோ கல்லு இருந்துச்சுன்னு தெரியும்."

அவர் திரும்பிப் பார்த்தார். "நீ இங்க வேலை செஞ்சியா?"

"பதினாறு வருசம்."

"இங்க எடுத்த ஜல்லி எல்லாம் எங்க போச்சு?"

"கிரஷருக்கு அப்பால எங்க போவும்னு எங்களுக்கு இன்னா தெரியும் சார். ரொப்பி வுடுவோம், அத்தோட சரி."

அவர் தான் குடியிருந்த அணுபுரத்துக் கட்டடங்கள் இருக்கும் திசையைப் பார்த்தார்.

எழுந்து காட்டுக்குள் நுழைந்து இரண்டு கிலோமீட்டர் போயிருப்பார்கள். மொபெட் இருமி நின்றது. பெட்ரோல் இல்லை. முந்தின நாள் போட வேண்டும் என்று நினைத்தது ஞாபகம் இருந்தது, போட்டது ஞாபகம் இல்லை. செல்போனில் சிக்னலும் இல்லை. தார் ரோட்டுக்கு இன்னும் ஐந்து கிலோமீட்டர். வண்டியைத் தள்ளத் தொடங்கினாள். வாசுதேவனும் இறங்கிச் சைக்கிளைத் தள்ளினார். வழியில் வந்த ரிப்பன்களை அவள் நின்று நின்று அவிழ்த்தாள். நான்காவது ரிப்பனுக்குக் கையை உயர்த்தியபோது மரம் சாய்வதுபோல் இருந்தது. அவள்தான் சாய்ந்திருந்தாள்.

கண் திறந்தபோது வாசுதேவனின் ஹெல்மெட் அவள் தலைக்கு அடியில் இருந்தது. அவர் தன் தண்ணீர்ப் புட்டியில் உப்பும் சர்க்கரையும் கலந்த பொடியைக் கரைத்து, மூடியில் ஊற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தார்.

"காலைல என்ன சாப்பிட்ட?"

"டீ."

"அவ்வளவுதானா? நான் ஆறு இட்லி சாப்பிட்டுட்டு வந்து உன்ன இப்படி இழுத்தடிச்சிருக்கேன்" என்றார் கோபமாக. யார்மேல் கோபம் என்று தெரியவில்லை.

அவள் எழ முயன்றாள். "ரிப்பன் கீது சார். ஒண்ணு வுட்டாலும் அடுத்த மாசம் உள்ள வுட மாட்டாங்க."

"எத்தன இருக்கு?"

"காட்டுக்குள்ள இன்னும் பத்தொம்போது."

மொபெட்டை ஒரு மரத்தடியில் விட்டார்கள். அவள் கை ஊன்றிக்கொள்ள சைக்கிளைக் கொடுத்தார். வேண்டா அதன்மேல் சாய்ந்தபடி நடந்தாள். வாசுதேவன் முன்னால் போய் ஒவ்வொரு ரிப்பனாக அவிழ்த்து, சட்டையின் முதுகுப் பையில் திணித்துக்கொண்டார். விலங்கு போட்டதுபோல் அவர் கால்கள் இழுத்து இழுத்து நடந்தன. நூறு அடிக்கு ஒருமுறை இருவரும் நின்றார்கள். எண்ணிக்கையை மட்டும் அவர் சத்தமாகச் சொல்லிக்கொண்டே வந்தார். பதினேழோடு காடு முடிந்துவிட்டது. அவர் முகம் வாடியது.

"ரெண்ட ஆடு தின்னுட்டு இருக்கும் சார். வாங்க."

தார் ரோட்டில் ஏறும்போது மணி நாலரை. வேன் நின்றுகொண்டிருந்தது. சரவணகுமார் ஓடிவந்தான். முதலில் வாசுதேவனைப் பிடிக்கக் கையை நீட்டியவன், பிறகு வேண்டாவின் முகத்தைப் பார்த்தான்.

"என்ன ஆச்சு அக்கா? மத்தியானத்துலேர்ந்து போன் போடுறேன்."

பதில் சொன்னது வாசுதேவன். "அவங்களுக்குப் பின்னாடி யாருப்பா வர்றது?"

சரவணகுமாருக்குச் சட்டென்று புரியவில்லை. புரிந்தபோது தலையைக் குனிந்துகொண்டான்.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்தார்கள். இருக்க வேண்டியதில் பாதிதான் இருந்தது. எத்தனை மாதமாக இப்படி என்று டாக்டர் கேட்டதற்கு, அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. களைப்பு என்பது உடம்போடு பிறந்தது என்றே நினைத்திருந்தாள். வீட்டுக்கு வந்து மூன்று நாள் கட்டிலில் கிடந்தாள். அந்த மூன்று நாளும் சுவரைப் பிடித்துப் பிடித்து எழுந்து, காத்தவராயன்தான் கஞ்சி காய்ச்சினான். அடி பிடித்த கஞ்சி. "நல்லா கீதா?" என்று கேட்டான். "கீது" என்று குடித்தாள்.

இரண்டு சவாரிகள் அவள் இல்லாமல் நடந்தன. இரண்டிலும் ஆட்கள் வழி தவறினார்கள். சரவணகுமார் வீட்டுக்கு வந்து வாசலில் நின்றான். வேண்டா அவனைத் திட்டவில்லை. சொல்ல வேண்டியதைச் சொன்னாள்.

"தனியா வர மாட்டேன் தம்பி. ரெண்டு பேரு வேணும். கிளம்பறதுக்கு முன்னாடி நாஸ்தா குடுக்கணும். பன்னெண்டு மணிக்குள்ள குவாரி தாண்டாதவங்கள அப்டியே வேன்ல ஏத்திடணும். அவங்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது."

எல்லாவற்றுக்கும் ஒப்புக்கொண்டான். கூட வர, காத்தவராயனின் தங்கை மகள் பிரியங்காவைச் சேர்த்துக்கொண்டார்கள். அவளுக்கு ஸ்கூட்டர் நன்றாக ஓட்ட வரும், அதற்கும் காட்டுக்குள் அனுமதி வாங்கினார்கள். வாசுதேவன் பிறகு சவாரிக்கு வரவில்லை. முட்டி தேய்ந்துவிட்டது, டாக்டர் விட மாட்டேன் என்கிறார் என்று ஒருநாள் போன் செய்து சொன்னார். மாத்திரை போடுகிறாளா என்று கேட்டார்.

வேண்டா மாத்திரை போடுகிறாள். ரத்தம் கொஞ்சம் ஏறியிருக்கிறது, களைப்பு முழுதாகப் போகவில்லை. போன சவாரியில் பன்னிரண்டு மணிக்குக் குவாரி விளிம்பில் ஒரு ஆள் பாக்கி இருந்தார். இன்னும் பத்து நிமிஷம் கொடுங்கள், கட்டாயம் முடித்துவிடுவேன் என்று கெஞ்சினார். வேண்டா மொபெட்டிலிருந்து இறங்கவே இல்லை.

"வேன்ல ஏறு தம்பி" என்றாள். "எனக்கு வூட்டுக்குப் போவணும்."