கங்காதரன் கட்டிய ஒல்லிக் கப்பல்

இன்று சேக்காட்டில் சந்தித்த மனிதர் கங்காதரன், ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் வெல்டர். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

பருத்திப்பட்டு ஏரியில் ஞாயிறுதோறும் ஒரு கூட்டம் பொம்மைப் போர்க்கப்பல்களை மோதவிடுகிறது. கரையிலிருந்தே ரிமோட்டில் ஓட்டுவார்கள். கப்பலின் குட்டி பீரங்கி நிஜமாகவே இரும்புக் குண்டு துப்பும். குண்டு துளைக்கிற மாதிரி பக்கச்சுவர் மெல்லிய கட்டையில்தான் இருக்க வேண்டும், அது விதி. ஓட்டை விழுந்த கப்பல் முழுகும். கயிறு கட்டி இழுத்துக்கொள்வார்கள்.

போன வருஷம், தொண்ணூறில், கங்காதரனும் சேர்ந்தார். எந்த நிஜக் கப்பலைப் பார்த்துக் கட்டுவது என்று பேச்சு வந்தது.

“பெரிய ஜெர்மன்காரன் கப்பலாப் பாத்துக் கட்டு மாமே,” என்றார் கூட்டாளி உலகநாதன். “அகலம் ஜாஸ்தி, அசையாது. நீ காட்றது ஒட்டடைக்குச்சி மாரி கீது. ரெண்டு குண்டுக்குத் தாங்காது.”

“இதான் கட்டுவேன்.”

அவர் கையிலிருந்த படம், எழுபத்தொன்று பாகிஸ்தான் யுத்தத்தில் முழுகிப்போன நம் கப்பலுடையது. தம்பி வேலுசாமி அதில்தான் இருந்தான். உடம்புகூடக் கிடைக்கவில்லை.

மனைவி வசந்தா சோற்றைப் போட்டபடி கேட்டாள்: “ஏன்யா, அத்த மறுபடி முழுவவுட்டு வேடிக்க பாக்கப்போறியா?”

“ஒரு தபா கரைக்கு வந்தா போதும் வசந்தா.”

டாங்கிக்குத் தகடு ஒட்டியே பழகிய கை. யாருக்கும் தெரியாமல் தகரத்தை வளைத்துப் பற்றவைத்து, கட்டைச் சுவருக்கு உள்பக்கம் பொருத்திவிட்டார். இனி எந்தக் குண்டும் உள்ளே போகாது.

போகவும் இல்லை. போன ஞாயிறு தண்ணீரில் இறக்கியதுமே அந்த ஒல்லிக் கப்பல் பாரம் தாங்காமல் ஒரு பக்கம் சாய்ந்து, ஒருத்தரும் சுடுவதற்குள் கவிழ்ந்து முழுகியது.

உலகநாதன்தான் கயிற்றை இழுத்தார். “இன்னா மாமே, உள்ள தகடு வெச்சிகிற? ஆவடிக்காரன் கப்பல் கட்னா டாங்கியாத்தான் வரும்.”

யாரோ சிரித்தார்கள்.

“ஓட்ட வுழக்கூடாதுன்னு வெச்சேன்,” என்றார் கங்காதரன். “அதுவே அவன இட்டுகினு பூட்ச்சி.”

உலகநாதன் கப்பலைச் சாய்த்துத் தண்ணீரை வடித்து அவர் கையில் கொடுத்தார்.

இன்று நான் பார்த்தபோது கங்காதரன் அந்தத் தகரத்தைப் பெயர்த்துக்கொண்டிருந்தார். வேறு கப்பல் கட்டக்கூடாதா என்று நான் கேட்டதற்கு நிமிரக்கூட இல்லை. “வேற கப்பல்ல அவன் இல்லியே நைனா.”

வரும் ஞாயிறு காலை அது மெல்லிய சுவரோடு ஏரியில் இறங்குகிறது. அடி வாங்கும்; அநேகமாக முழுகும். எது முழுகினாலும் கரையில் விசிலடிப்பது அங்கே வழக்கம். முடிந்தவர்கள் போய் நில்லுங்கள். பக்கத்தில் நிற்பவர்களிடமும் சொல்லிவையுங்கள்: அந்த ஒரு கப்பலுக்கு மட்டும் விசில் வேண்டாம்.